ரப்பர் கலந்த தார்

ரப்பர் கலந்த தார் என்பது பயன்படுத்தி முடித்த வாகன டயர்களைத் தூளாக்கி, அந்தத் தூளைச் சூடான தாருடன் சேர்த்துப் பெறப்படும் ஒரு பிணைப்புப் பொருள் ஆகும். சாலையின் மேற்பரப்பு இடுதல், விரிசல்களை அடைத்தல், கட்டடக் கூரைகளில் நீர்க்கசிவைத் தடுத்தல் ஆகிய வேலைகளுக்கு இது பயன்படுகிறது. எளிதில் மக்காத ஒரு கழிவுக்கு இது பயன் தருகிறது. கோடையில் இளகி, குளிரில் வெடிக்கும் தாரின் குறையையும் ஓரளவு சரிசெய்கிறது. ஆனால் டயர்த் தூளைத் தாரில் கொட்டிக் கிளறினால் மட்டும் நல்ல சாலை கிடைத்துவிடாது. வெப்பம், நேரம், தூளின் அளவு ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால்தான் பலன் கிடைக்கும்.

பெயர் விளக்கம்

தமிழில் பொதுவாகத் 'தார்' என்று சொல்லப்படுவது முற்காலத்தில் நிலக்கரியிலிருந்து கிடைத்த கரிய பிசுபிசுப்பான பொருளைக் குறித்தது. இன்று சாலை போடப் பயன்படுவது அதுவன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசல் போன்றவை பிரிந்த பிறகு அடியில் தங்கும் கனமான பொருளே இப்போது பயன்படுகிறது. பொறியியல் நூல்களில் இது பிற்றுமின் என்றும் நிலக்கீல் என்றும் குறிக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் தார் என்ற பெயரே நிலைத்துவிட்டதால், இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. தாருடன் ஜல்லியும் மணலும் சேர்ந்த கலவை தார்க்கலவை எனப்படுகிறது. அதில் எடைப்படி ஏறத்தாழ 95 விழுக்காடு கல்லே ஆகும். மீதமுள்ள 5 விழுக்காடு தார்தான் அந்தக் கற்களை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது.

பழைய டயர்கள் ஏன் சிக்கலாகின்றன

இயற்கை ரப்பர் மரத்தின் பால் வெயிலில் ஒட்டும், குளிரில் நொறுங்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நீள்தன்மையும் பெறுவதைக் கண்டறிந்தார். இம்முறை வல்கனைசிங் எனப்படுகிறது. இதில் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலங்கள் போல அமைந்து அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. டயரின் வலிமைக்குக் காரணம் இந்தப் பிணைப்பே. டயரை மறுசுழற்சி செய்வது கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம். நெகிழிப் பையை உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். டயரை அவ்வாறு உருக்க முடியாது. சூடாக்கினால் அது உருகாமல் சிதைந்து எரியும்.

குவித்து வைக்கப்பட்ட டயர்களால் இரண்டு பெரிய ஆபத்துகள் ஏற்படுகின்றன. ஒன்று தீ. டயரின் உட்குழிவில் காற்று எப்போதும் இருப்பதால், தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். 1990ஆம் ஆண்டில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஏகர்சுவில் என்ற ஊரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் 17 நாட்கள் எரிந்தன. 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவின் டிரேசி நகரருகே ஏறத்தாழ 70 லட்சம் டயர்கள் கொண்ட குவியல் தீப்பிடித்தது. அது இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எரிந்து, 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான் முழுமையாக அணைக்கப்பட்டது. இத்தகைய தீயில் கரும்புகையுடன், நிலத்திலும் நீரிலும் கலக்கக்கூடிய எண்ணெயும் வெளியேறுகிறது.

இரண்டாவது ஆபத்து கொசு. டயரை எப்படிப் போட்டாலும் அதன் உள்ளே சிறிதளவு மழைநீர் தங்கிவிடும். டெங்கு, சிக்குன்குனியா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுக்களுக்கு அந்த நீரே போதுமானது. ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஊசுட்டன் பகுதியில் பரவியிருப்பது கண்டறியப்பட்டது. கப்பலில் வந்த பழைய டயர்கள் வழியாகவே அது அங்கு நுழைந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தமிழ்நாட்டில் மழைக்காலந்தோறும் உள்ளாட்சி ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பழைய டயர்களை அகற்றச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

டயரிலிருந்து தூள் எடுத்தல்

ஒரு டயரில் ரப்பர் மட்டும் இல்லை. மகிழுந்து டயரின் எடையில் ஏறத்தாழ பாதிக்குச் சற்றுக் குறைவானது இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் ஆகும். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமாக கார்பன் கறுப்பு என்னும் நுண்கரித்தூள் இருக்கிறது. இவற்றுடன் எஃகுக் கம்பிகள், துணி இழைகள், எண்ணெய்கள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ரப்பர் மூப்படையாமல் காக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவையும் உண்டு. லாரி டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம். இயற்கை ரப்பர் தாருடன் எளிதாக வினைபுரிவதால், சாலை வேலைக்கு லாரி டயர்த் தூள் விரும்பப்படுகிறது.

டயர்கள் முதலில் பெரிய துண்டுகளாக வெட்டப்பட்டு, பின்னர் சிறு துகள்களாக அரைக்கப்படுகின்றன. எஃகுக் கம்பிகள் காந்தத்தின் மூலமும், துணி இழைகள் சல்லடை, காற்றோட்டம் ஆகியவற்றின் மூலமும் பிரிக்கப்படுகின்றன. அரைப்பதில் இரண்டு முறைகள் உள்ளன.

சாதாரண வெப்பநிலையில் அரைத்தல்: ரப்பர் கிழிந்து, சொரசொரப்பான மேற்பரப்புள்ள துகள்கள் கிடைக்கின்றன. மேற்பரப்பு அதிகமாக இருப்பதால் இவை தாருடன் விரைவாக வினைபுரிகின்றன.

உறைய வைத்து அரைத்தல்: திரவ நைட்ரசனால் ரப்பர் குளிரூட்டப்படுகிறது. கண்ணாடி போல நொறுங்கும் நிலையை அடைந்ததும் அது உடைக்கப்படுகிறது. துகள்கள் தூய்மையாக இருந்தாலும் வழவழப்பான முகங்களைக் கொண்டிருப்பதால் வினை மெதுவாக நடக்கிறது.

வரலாறு

இயற்கை ரப்பரைத் தாருடன் சேர்க்கும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கின. ஆனால் பழைய டயர்த் தூளைச் சாலைக்குப் பயனுள்ள பொருளாக மாற்றியவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரில் பொறியாளராகப் பணியாற்றிய சார்லஸ் மெக்டொனால்ட் ஆவார். பயணங்களின்போது தாம் தங்கிய இழுவை வண்டியின் கூரையில் ஏற்பட்ட விரிசலைத் தாரால் அடைத்ததாகவும், அந்தத் தார் வெயிலில் வெடித்ததால் அதில் ரப்பர்த் தூள் சேர்த்துப் பார்த்ததாகவும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. எனவே கூரையும் சாலையும் இதன் வரலாற்றில் தொடக்கத்திலிருந்தே இணைந்துள்ளன.

1960களின் நடுப்பகுதியில் அவர் பீனிக்ஸ் நகரச் சாலைகளில் சோதனைகளை மேற்கொண்டார். விரிசலுற்ற பழைய சாலையின் மேல் ரப்பர் கலந்த தாரைத் தெளித்து, அதன்மீது சிறு ஜல்லியைப் பரப்பினார். இந்த மெல்லிய அடுக்கு இழுவிசையைத் தாங்கி, கீழேயுள்ள விரிசல் மேலே எழாமல் தடுத்தது. ஏறத்தாழ இதே காலத்தில் சுவீடன் நாட்டில் டயர்த் துகள்களை ஜல்லியுடன் நேரடியாகக் கலக்கும் வேறொரு முறை உருவானது. பனி படியும் சாலைகளில் வழுக்கலைக் குறைப்பது அதன் நோக்கம். மெக்டொனால்டின் முறைக்கான காப்புரிமைகள் 1990களின் தொடக்கத்தில் காலாவதியான பின்னர் அது பல நாடுகளில் பரவியது.

கலக்கும் முறைகள்

ஈர முறை: ரப்பர்த் தூள் முதலில் தாருடன் கலக்கப்பட்டு, பின்னர் அக்கலவை ஜல்லியுடன் சேர்க்கப்படுகிறது. மெக்டொனால்ட் முறையில் தூளின் அளவு பிணைப்புப் பொருளின் எடையில் பொதுவாக 15 முதல் 22 விழுக்காடு வரை இருக்கும். ஏறத்தாழ 175 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 45 முதல் 60 நிமிடங்கள் வரை கிளறப்படுகிறது.

ஆலை முறை: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ தார்க் கிடங்கிலோ மிக நுண்ணிய தூள் குறைந்த அளவில் கலக்கப்படுகிறது. துகள்கள் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடுவதால், இக்கலவையைச் சாதாரணத் தாரைப் போலவே லாரியில் எடுத்துச் செல்லலாம்.

உலர் முறை: ரப்பர்த் துகள்கள் ஜல்லியின் ஒரு பகுதியைப் போலச் சேர்க்கப்படுகின்றன. இவற்றின் அளவு ஜல்லியின் எடையில் 1 முதல் 3 விழுக்காடு ஆகும். இம்முறைக்குத் தனிக் கலவைக் கலன் தேவையில்லை. ஆனால் ரப்பருக்கும் தாருக்கும் வினை நடக்கப் போதிய நேரம் கிடைப்பதில்லை. துகள்கள் சாலையில் இட்ட பின்னும் தாரை உறிஞ்சி உப்பினால், ஜல்லி பிடிப்பிழந்து உதிரத் தொடங்கும்.

தாருக்குள் நடப்பது என்ன

சர்க்கரை நீரில் கரைவது போல ரப்பர் தாரில் கரைவதில்லை. ஊறவைத்த சவ்வரிசியுடன் இதை ஒப்பிடலாம். சூடான தாரில் உள்ள இலேசான எண்ணெய்களை ரப்பர்த் துகள் உறிஞ்சி, தன் அளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு வரை உப்பிக் கூழ் போன்ற நிலையை அடைகிறது. எண்ணெய் குறைவதால் சுற்றியுள்ள தார் கெட்டியாகிறது. உப்பிய துகள்கள் ஒன்றையொன்று நெருங்குவதால் கலவையின் பிசுக்குமை பல மடங்கு உயர்கிறது.

இந்த நிலை நெடுநேரம் நீடிப்பதில்லை. வெப்பம் அளவுக்கு மீறினாலோ, கலவை மிக நீண்ட நேரம் சூட்டில் இருந்தாலோ கந்தகப் பாலங்களும் ரப்பர் மூலக்கூறுகளும் உடையத் தொடங்கும். அப்போது பிசுக்குமை குறைந்து, ரப்பர் சேர்த்ததன் பயன் படிப்படியாக இழக்கப்படும். ரப்பர் தாரைவிடச் சற்று அடர்த்தியானது. எனவே கிளறுவதை நிறுத்தினால் துகள்கள் கலனின் அடியில் படியும். இக்காரணங்களால் வேலையிடத்தில் குறிப்பிட்ட இடைவெளிகளில் பிசுக்குமை அளக்கப்படுகிறது.

சாலையில் கிடைக்கும் பயன்கள்

சாதாரணத் தார் ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்குகிறது. கோடை நண்பகலில் கரிய சாலைப் பரப்பின் வெப்பம் 60 டிகிரியையும் தாண்டக்கூடும். அப்போது கனரக வாகனங்கள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுகிறது. ரப்பர் சேர்ந்தால் இளகும் வெப்பநிலை உயர்கிறது. அதே வேளையில் குளிரிலும் கலவை நெகிழ்ச்சியை இழப்பதில்லை.

பிசுக்குமை அதிகமாக இருப்பதால், ஒவ்வொரு கல்லின் மீதும் தடித்த தார்ப்படலம் வழியாமல் நிற்கிறது. வழக்கமான கலவையில் 5 அல்லது 6 விழுக்காடு தார் சேர்க்கப்படும் இடத்தில், ரப்பர் கலவையில் 7 முதல் 9 விழுக்காடு வரை பிணைப்புப் பொருள் சேர்க்கலாம். தடித்த படலத்திற்குள் காற்றிலுள்ள ஆக்சிசன் மெதுவாகவே நுழையும். டயரிலுள்ள கார்பன் கறுப்பும் மூப்புத் தடுப்பு வேதிப்பொருள்களும் தாரைப் புறஊதாக் கதிர்களிலிருந்தும் ஆக்சிசனேற்றத்திலிருந்தும் காக்கின்றன.

பழைய சாலையின் விரிசல் புதிய அடுக்கின் வழியே மேலெழுவது சாலைப் பராமரிப்பில் பெரிய தலைவலி. இதைத் தடுப்பதில் ரப்பர் கலவை சிறப்பாகச் செயல்படுகிறது. 1983ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ரேவண்டேல் பகுதியில் செய்த சோதனைக்குப் பின்னர், அம்மாநிலச் சாலைத் துறை குறிப்பிட்ட சூழல்களில் ரப்பர் கலவை அடுக்கின் தடிமனை வழக்கமான அடுக்கில் பாதியளவு வரை குறைக்க அனுமதித்தது. பொருளின் விலை அதிகமானாலும் பயன்படும் அளவு குறைவதால் செலவு ஈடாகிறது.

சத்தம் குறைவது மற்றொரு பயன். 2003ஆம் ஆண்டு முதல் பீனிக்ஸ் பகுதியின் சிமென்ட் நெடுஞ்சாலைகள் மீது ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிமனில் ரப்பர் கலந்த அடுக்கு இடப்பட்டது. அருகிலிருந்த குடியிருப்புகளில் இரைச்சல் குறைந்தது. ஆனால் அந்த அடுக்கு காலப்போக்கில் தேய்ந்தது. அதைத் திரும்ப இடுவது செலவு மிக்கதாக இருந்ததால், 2020 வாக்கில் பல இடங்களில் அதை அகற்றி, வைரப் பற்களுள்ள இயந்திரத்தால் சிமென்ட் பரப்பையே சீவும் முறைக்கு அத்துறை மாறியது.

ஒரு கணக்கு

ஒரு கிலோமீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தடத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ரப்பர் கலவை இடுவதாகக் கொள்ளலாம். அதன் கன அளவு 175 கன மீட்டர். எடை ஏறத்தாழ 410 டன். அதில் 7.8 விழுக்காடு பிணைப்புப் பொருள் எனில் 32 டன். அதில் 19 விழுக்காடு ரப்பர் எனில் ஏறத்தாழ 6 டன். ஒரு மகிழுந்து டயரிலிருந்து ஐந்தரை கிலோ தூள் கிடைத்தால், இந்த ஒரு கிலோமீட்டர் தடத்திற்கு ஏறத்தாழ 1,100 டயர்கள் தேவைப்படும். ஒரு மைல் தடத்திற்கு 2,000 டயர்கள் என்று கலிபோர்னியா அரசு கூறும் மதிப்பீட்டுடன் இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

கூரைகளில் பயன்பாடு

கூரையில் வண்டி ஓடுவதில்லை. ஆனால் வெயிலும் மழையும் சாலையைப் போலவே தாக்குகின்றன. பகலில் சூடேறி விரியும் தளம் இரவில் சுருங்குகிறது. இந்த அசைவைத் தாங்காத பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்து, அதன் வழியே நீர் இறங்குகிறது.

கூரைக்கான தார் பெரும்பாலும் சூடான நிலையில் காற்று செலுத்திக் கெட்டியாக்கப்பட்டதாகும். அது வெயிலில் வழியாது. ஆனால் விரைவில் நொறுங்கும் தன்மையுடையது. ரப்பர் சேர்ப்பதன் நோக்கம் இந்த நொறுங்கலைக் குறைப்பதே. சூடாக ஊற்றிப் பரப்பும் ரப்பர் தார், தளத்தின் மீது இணைப்பே இல்லாத ஒரே படலமாக அமைகிறது. தோட்டமோ வாகன நிறுத்தமோ அமைந்த மேல்தளங்களுக்கு இது ஏற்றது. சுருளாக வரும் நீர்த்தடுப்பு விரிப்புகளிலும் ரப்பர் அல்லது அதையொத்த செயற்கைப் பொருள் கலந்த தார் பயன்படுகிறது. வட அமெரிக்காவில் டயர் ரப்பரை அச்சில் அழுத்தி ஓடு போல் செய்து சாய்வுக் கூரைகளில் பதிக்கும் வழக்கமும் உண்டு. ரப்பர் எரியக்கூடியது என்பதால், கூரைப் பொருள்களுக்குத் தீத்தடுப்புச் சோதனை இன்றியமையாதது. கூரையில் விழும் மழைநீரைக் குடிப்பதற்குச் சேமிக்கும் வீடுகளில் இத்தகைய பூச்சுகளைத் தவிர்ப்பது நல்லது.

குறைகளும் ஐயங்களும்

ரப்பர் கலந்த தாரின் தொடக்கச் செலவு அதிகம். தனிக் கலவைக் கலன், கூடுதல் எரிபொருள், பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆகியவை தேவை. கலவை சூடாக இருக்கும்போதே விரைவாக உருளையால் அழுத்த வேண்டும். குளிர்ந்துவிட்டால் இறுகாது. ரப்பர்ச் சக்கர உருளைகளில் இக்கலவை ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரும்பு உருளைகளே பயன்படுத்தப்படுகின்றன. அதிக வெப்பத்தால் எழும் புகையும் நெடியும் தொழிலாளர்களுக்குத் தொல்லை தருகின்றன. குறைந்த வெப்பத்தில் கலக்க உதவும் சேர்க்கைப் பொருள்கள் இதை ஓரளவு தணிக்கின்றன.

சுற்றுச்சூழல் தொடர்பான ஐயமும் உண்டு. டயர் ரப்பர் வெடிக்காமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் 6பிபிடி என்னும் வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநில ஓடைகளில் கோகோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் இறந்ததற்கு இப்பொருளே காரணம் என்பது 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அங்கு மீன்களைக் கொன்றது ஓடும் டயர்கள் தேய்ந்து உதிர்த்த துகள்கள். சாலைக்குள் தாரால் மூடப்பட்ட ரப்பரின் நிலை வேறு. எனினும் அதிலிருந்து மழைநீரில் என்ன கசிகிறது என்பது தொடர்ந்து ஆராயப்பட வேண்டியதாகும்.

சட்டங்கள்

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரைவழிப் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்கள் கூட்டாட்சி நிதியில் போடும் தார்ச்சாலைகளில் ஒரு பங்கில் பழைய டயர் ரப்பர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. 1994ஆம் ஆண்டில் 5 விழுக்காட்டில் தொடங்கி 1997ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டுவது திட்டம். முன் அனுபவம் இல்லாத பல மாநிலங்கள் இதை எதிர்த்தன. 1995ஆம் ஆண்டில் இக்கட்டாயம் நீக்கப்பட்டது. மாறாக, பல ஆண்டு அனுபவம் பெற்றிருந்த கலிபோர்னியா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன் பயன்பாட்டைப் படிப்படியாக உயர்த்தியது. தொழில்நுட்பம் கைவராத இடத்தில் கட்டாயம் பயன் தருவதில்லை என்பதை இவ்விரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் இது சி.ஆர்.எம்.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இந்தியச் சாலைகள் பேராயத்தின் வழிகாட்டி நெறிகளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக்குறிப்புகளும் இதற்கு உள்ளன. 2004ஆம் ஆண்டுத் தரக்குறிப்பில் சி.ஆர்.எம்.பி. 50, 55, 60 என மூன்று தரங்கள் வகுக்கப்பட்டன. இந்த எண்கள் இளகும் வெப்பநிலையின் குறைந்தபட்ச அளவைக் குறிக்கின்றன. வெப்பம் மிகுந்த பகுதிகளுக்கு உயர்ந்த எண் கொண்ட தரம் ஏற்றது.

இது தமிழ்நாட்டில் பலரும் அறிந்த 'பிளாஸ்டிக் சாலை'யிலிருந்து வேறுபட்டது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய அம்முறையில், துண்டாக்கிய நெகிழி சூடான ஜல்லியின் மேல் உருகிப் படலமாகப் படிகிறது. அதன்பின் தார் சேர்க்கப்படுகிறது. அதாவது நெகிழி கல்லின் மேற்பூச்சாகிறது. டயர் ரப்பரோ உருகாததால், தாருக்குள் ஊறி அதன் இயல்பை மாற்றுகிறது.

2022ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், டயர் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் கழிவு டயர்களின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. முதல் ஆண்டில் 35 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 70, மூன்றாம் ஆண்டில் 100 என இலக்கு வைக்கப்பட்டது. காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுப்பதற்காகக் கழிவு டயர்களை இறக்குமதி செய்வதும் தடைசெய்யப்பட்டது. முறையாக இயங்காத அத்தகைய ஆலைகள் சுற்றுப்புறத்தைப் பெரிதும் மாசுபடுத்துகின்றன. டயரை எரிக்காமல், அதன் நீள்தன்மையைக் காத்துப் பயன்படுத்தும் வழிகளுள் சாலை முக்கியமானது.

ஒரு டயர் சாலையில் ஓடித் தேய்வது சில ஆண்டுகள். சரியாகக் கலந்து, சரியான வெப்பத்தில் இட்டால், அதே ரப்பர் அதைவிட நீண்ட காலம் சாலைக்குள் உழைக்கும். கலவையில் கவனம் தவறினால், டயர்க் குவியல் இடம் மாறிக் குழிகள் நிறைந்த சாலையாகக் கிடக்கும்.